சுரங்கத்தில் இறங்க மறுக்க முடியாதவர்கள்

1956 ஆகஸ்ட் 8, காலை எட்டு மணி கடந்து சில நிமிடங்கள். பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரை ஒட்டிய மார்சினெல் என்ற ஊரில், ‘புவா து கசியே’ நிலக்கரிச் சுரங்கத்துக்குள் அன்றைய காலை ஷிஃப்டில் 275 பேர் இறங்கியிருந்தார்கள். 975 மீட்டர் ஆழத்தில் கரி வண்டிகளை, மேலும் கீழும் போய்வரும் லிஃப்ட் போன்ற கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிரம்பிய வண்டியை ஒரு பக்கம் உள்ளே தள்ளினால், ஏற்கெனவே கூண்டில் இருக்கும் காலி வண்டி மறுபக்கம் வெளியேறிவிடும். அன்று காலி வண்டி பாதியில் சிக்கிக்கொண்டது. இரண்டு வண்டிகளும் கூண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே கூண்டு மேலே கிளம்பிவிட்டது.

நீட்டிக்கொண்டிருந்த வண்டி மேலே இருந்த உத்தரத்தில் மோதியது. அந்த அடியில் எண்ணெய்க் குழாய் உடைந்தது, உயர் அழுத்த மின்கம்பிகள் அறுந்தன, தொலைபேசிக் கம்பி துண்டானது, அழுத்தக் காற்றுக் குழாயும் பிளந்தது. அழுத்தத்தில் இருந்த எண்ணெய் பீய்ச்சியடித்தது. கம்பியில் தெறித்த பொறி அதைப் பற்றவைத்தது. குழாயிலிருந்து சீறிய காற்று தீயை ஊதிவிட்டது. இவை எல்லாம் கூண்டு ஓடும் அதே செங்குத்துக் குழியில், ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருந்தன.

அந்தக் குழிதான் சுரங்கம் முழுவதற்கும் வெளிக்காற்று உள்ளே போகும் வழி. ஆழச் சுரங்கத்தில் ஒரு குழி வழியாகக் காற்று இறங்கி, வேலை நடக்கும் சந்துபொந்துகளையெல்லாம் சுற்றி, இன்னொரு குழி வழியாக வெளியேறும். காற்று வெளியேறும் பக்கத்தில் தீப்பிடித்தால் புகை வெளியே போகும், ஆட்களுக்குத் தப்ப நேரம் கிடைக்கும். காற்று நுழையும் பக்கத்தில் பிடித்தால் மூச்சுவிட வரும் காற்றே நஞ்சாகிவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கீழே இருந்தவர்களில் பெரும்பாலோர் தீயை நேரில் பார்க்கவே இல்லை.

13 பேர்தான் உயிரோடு மேலே வந்தார்கள். 262 பேர் இறந்தார்கள். அதில் 136 பேர் இத்தாலியர்கள், 95 பேர் பெல்ஜியர்கள். மற்றவர்கள் போலந்து, கிரீஸ், ஜெர்மனி, அல்ஜீரியா, ஹங்கேரி என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். மொத்தம் 12 நாட்டு ஆட்கள். இத்தாலியின் அப்ருட்சோ மலைப்பகுதியில் மனொப்பெல்லோ என்ற ஒரே ஊரிலிருந்து மட்டும் இருபதுக்கும் மேற்பட்டோர். சுரங்க வாசலில் குடும்பங்கள் இரண்டு வாரம் காத்துக் கிடந்தன. மிக ஆழமான 1,035 மீட்டர் தளம் வரை போய்த் திரும்பிய மீட்புக் குழுவிலிருந்து ஒருவர் இத்தாலிய மொழியில் சொன்னார்: எல்லாம் பிணங்கள்.

விபத்துக்கு என்ன காரணம் என்று கேட்டபோது அதிகம் அடிபட்ட பதில் ‘தகவல் குழப்பம்’. கூண்டை இப்போது மேலே இழுக்கலாமா கூடாதா என்பதில் கீழே நின்றவர் ஒன்று நினைத்தார், மேலே இருந்தவர் வேறொன்று நினைத்தார். கீழே வண்டி ஏற்றியவர் இத்தாலியர். மொழி சரியாகத் தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளி செய்த பிழை என்று சொல்லிக் கதையை முடித்துவிட இது வசதியாக இருந்தது. குழப்பம் நடந்தது உண்மைதான். ஆனால் கூண்டு ஏற்றும் இடத்தில் நாளுக்கு எத்தனையோ குழப்பம் நடக்கும், வண்டி சிக்கும். அப்படி ஒரு சாதாரணப் பிசகு 262 உயிரைக் கொண்டுபோக வேண்டுமென்றால் அதற்கு முன்பே பல முடிவுகள் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எண்ணெய்க் குழாயையும் மின்கம்பியையும் ஒரே குழியில் அருகருகே இறக்கியது ஒரு முடிவு. காற்று நுழையும் பாதையையும் வெளியேறும் பாதையையும் பிரிக்கும் கதவுகளை எரியக்கூடிய மரத்தில் வைத்தது ஒரு முடிவு. புதிதாகத் தோண்டிக்கொண்டிருந்த மூன்றாவது குழி தப்பும் வழியாகப் பயன்படும் நிலைக்கு வருவதற்குள் கரி வெட்டுவதைத் தொடர்ந்தது இன்னொரு முடிவு. இவற்றில் எதையும் வண்டி தள்ளுபவர் தீர்மானிக்கவில்லை.

நீதிமன்றம் என்ன செய்தது? 1959-ல் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுதலை. 1961-ல் மேல்முறையீட்டில் சுரங்கப் பொறியாளர் ஒருவருக்கு மட்டும் 6 மாதம் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை, கூடவே 2,000 பிராங்க் அபராதம். சுரங்கம் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1957-லேயே மறுபடி திறந்து, 1967 வரை ஓடியது.

இந்தச் சுரங்கத்தில் இவ்வளவு இத்தாலியர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் முதலாளியின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பது புரியும். அது குழிக்கு வெகு தொலைவில், ஆள் எடுக்கும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பெல்ஜியத்தில் நிலக்கரித் தட்டுப்பாடு. பிரதமர் அஷீல் வான் ஆக்கர் ‘கரிப் போர்’ என்றே ஒரு முனைப்பை அறிவித்தார். ஆனால் உள்ளூர்க்காரர்கள் இறங்கத் தயாராக இல்லை. காலங்காலமாகத் தோண்டிய சுரங்கங்கள், மெல்லிய படுகைகள், படுத்துக்கொண்டே வெட்ட வேண்டிய இடங்கள். அப்பா நுரையீரல் கெட்டு இருமுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனார்கள். முதலில் ஜெர்மன் போர்க் கைதிகளை இறக்கினார்கள். கைதிகள் ஊர் திரும்பும் காலம் நெருங்கியதும், 1946 ஜூன் 23 அன்று இத்தாலியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இத்தாலி 50,000 ஆட்களை அனுப்பும், வாரம் 2,000 பேர் வீதம். பதிலுக்கு இத்தாலிக்கு நிலக்கரி. அரசும் அரசும் ஆளுக்குக் கரி என்று கணக்குப் பார்த்துக் கையெழுத்திட்ட தாள் அது.

இத்தாலியின் ஊர்களில் இளஞ்சிவப்பு நிறச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. சம்பளம், விடுமுறை, குடும்பப்படி எல்லாம் அதில் விரிவாக இருந்தன. சுரங்கத்தின் ஆழமும் ஆபத்தும் இல்லை. மிலான் ரயில் நிலையத்தின் அடித்தளத்தில் மருத்துவப் பரிசோதனை, பிறகு ரயில். வந்தவர்களில் பலர் விவசாயக் கூலிகள், வாழ்நாளில் சுரங்கம் பார்க்காதவர்கள். போர்க் கைதிகள் காலி செய்த தகரக் கொட்டகைகளிலேயே பலரைத் தங்கவைத்தார்கள். முறையான பயிற்சி இல்லாமலே பலர் கீழே அனுப்பப்பட்டார்கள். மேஸ்திரியின் கட்டளை பிரெஞ்சில் அல்லது உள்ளூர் வலோன் பேச்சில் வரும்.

முதல் நாள் இறங்கிப் பார்த்துவிட்டு, ‘என்னால் முடியாது’ என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியும் முன் சுரங்கத்தை விட்டால் அவர்களைப் பிடித்து பிரஸ்ஸல்ஸில் ‘பெத்தி ஷாத்தோ’ என்ற பழைய ராணுவக் குடியிருப்பில் அடைத்துவைத்து, பிறகு ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள். வேலை அனுமதியும் சுரங்கத்துக்கு மட்டும்தான். மேலே வந்து ஒரு தொழிற்சாலையிலோ கட்டுமான வேலையிலோ சேர வேண்டுமென்றால் பல ஆண்டுகள் சுரங்கத்தில் கழித்திருக்க வேண்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான். ஒரு வேலை ஆபத்தானது என்று தெரிந்து உள்ளூர்க்காரர்கள் ஒதுங்கினால், முதலாளிக்கு நேர்மையாக இரண்டு வழி உண்டு. சம்பளத்தைக் கூட்டலாம், அல்லது வேலையைப் பாதுகாப்பானதாக மாற்றலாம். மூன்றாவதாக ஒரு குறுக்குவழியும் உண்டு. மறுக்க முடியாத ஆளைத் தேடிப் பிடிப்பது. கடன் வாங்கிப் பயணம் வந்தவர், மொழி தெரியாதவர், வேலையை விட்டால் நாட்டை விட்டே போக வேண்டியவர். அப்படிப்பட்டவர் கிடைத்ததும், மரக்கதவை மாற்றச் சொல்லும் நெருக்கடி முதலாளிக்கு நீங்கிவிடுகிறது. வெளிநாட்டுத் தொழிலாளி வந்ததால் சுரங்கம் ஆபத்தாகவில்லை. ஆபத்தைச் சரிசெய்யாமலே சுரங்கத்தை ஓட்டுவதற்காகத்தான் அவர் கொண்டுவரப்பட்டார்.

சுரங்கப் பாதுகாப்பில் ‘மறுப்பது’ எவ்வளவு பெரிய விஷயம் என்பதை வெளியே இருப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் வெடிக்கும். அளவு கூடுவதை முதலில் கவனிக்கிறவர் பெரும்பாலும் வெட்டுமுகத்தில், அதாவது கரி வெட்டும் இடத்தில், நிற்கும் தொழிலாளிதான். கூரை ‘பேசுகிறது’, அதைத் தாங்கும் முட்டுமரம் முனகுகிறது என்பதைக் கேட்பவரும் அவர்தான். ‘இங்கே இன்று வேலை செய்ய முடியாது’ என்று அவர் சொல்லி, அதற்காக அவருக்கு ஒன்றும் ஆகாது என்ற நிலை இருந்தால்தான் கருவிகளுக்கும் விதிகளுக்கும் பயன். அதைச் சொன்னால் அனுமதி ரத்தாகும் என்றால், சுரங்கத்தின் மிக நல்ல எச்சரிக்கைக் கருவியை முதலாளியே அணைத்துவிட்டார் என்று அர்த்தம்.

கூலி கொடுக்கும் முறையும் இதே வேலையைச் செய்யும். அமெரிக்கச் சுரங்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெட்டி ஏற்றிய கரிக்கு டன் கணக்கில்தான் கூலி. முட்டுமரம் நடுவது, விழுந்த பாறையை அகற்றுவது போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. ‘செத்த வேலை’ என்றே அதற்குப் பெயர். மரம் நடும் ஒவ்வொரு நிமிடமும் தன் கூலியிலிருந்து போகிறது என்றால், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய ஒருவர் எதைத் தள்ளிப்போடுவார்? பிறகு கூரை சரிந்தால் ‘கவனக்குறைவு’ என்று அறிக்கையில் எழுதினார்கள்.

1907 டிசம்பர் 6 அன்று மேற்கு வர்ஜீனியாவின் மொனொங்கா ஊரில், நிலத்தடியில் ஒன்றோடொன்று இணைந்திருந்த 6, 8 எண் சுரங்கங்கள் வெடித்தன. அமெரிக்காவின் மிக மோசமான சுரங்க விபத்து இன்றுவரை அதுதான். அதிகாரப்பூர்வமாக 362 பேர் இறந்தார்கள். ‘அதிகாரப்பூர்வமாக’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பதிவில் இருக்கும் தொழிலாளி தன் மகனையோ தம்பியையோ ஊர்க்காரரையோ உதவிக்கு அழைத்துப் போவார். தன் டன் கூலியிலிருந்தே அவருக்கும் பங்கு கொடுப்பார். அந்த உதவியாளின் பெயர் நிறுவனத்தின் ஏட்டில் இருக்காது. எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பது சுரங்கத்தை நடத்தியவர்களுக்கே தெரியவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலி, போலந்து, ஹங்கேரி போன்ற நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் 3,242 பேர் மடிந்தார்கள்.

அதே காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த டில்லிங்ஹாம் குழு குடியேற்றத்தை ஆராய்ந்து 41 தொகுதிகள் வெளியிட்டது. தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அனுபவமில்லாத தொழிலாளர்களால்தான் சுரங்க விபத்துகள் கூடுகின்றன என்ற வாதம் அதில் இடம்பெற்றது. அனுபவம் இல்லாதவர் என்று தெரிந்தே அவரை வெடிமருந்தோடு வெட்டுமுகத்துக்கு அனுப்பியவர் யார் என்ற கேள்வி அந்த வாதத்தின் மையத்தில் இல்லை.

சட்டமும் முதலாளி பக்கமே சாய்ந்திருந்தது. விபத்துக்கு உடன் வேலை செய்த இன்னொரு தொழிலாளியின் தவறு காரணம் என்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்தார் என்றாலும் தர வேண்டியதில்லை. அடிபட்டவரிடமே கொஞ்சம் கவனக்குறைவு இருந்தது என்று காட்டினாலும் தப்பித்துவிடலாம். வெளிநாட்டவரின் குடும்பத்துக்கு இதற்கு மேலும் ஒரு பூட்டு இருந்தது. பென்சில்வேனியாவில் ரயில்வேயின் கவனக்குறைவால் இறந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் இத்தாலியரின் மனைவி இழப்பீடு கேட்ட வழக்கு 1909-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளிநாட்டில் வசிக்கும் அயல்நாட்டவருக்கு மாநிலச் சட்டம் அந்த உரிமையைத் தரவில்லை, அதில் தவறில்லை என்று தீர்ப்பானது. வழக்கு ரயில்வே சம்பந்தப்பட்டது என்றாலும் பென்சில்வேனியாதான் அன்று அமெரிக்காவின் நிலக்கரி நாடு. மனைவியை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த தொழிலாளி இறந்தால் முதலாளிக்கு ஆகும் செலவு குறைவு என்று அந்தச் சட்டம் சொல்லாமல் சொன்னது. செலவு குறைந்த இடத்துக்குத்தான் ஆபத்து நகரும்.

வெடிப்பும் தீயும் செய்தியில் வரும், தூசு வராது. கல்தூசு படிந்து நுரையீரல் இறுகும் சிலிக்கோசிஸை பெல்ஜியம் தொழில்சார் நோயாக ஏற்று இழப்பீடு கொடுக்கத் தொடங்கியது 1964-ல். ஜெர்மனி அதை 1929-லேயே செய்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் பெல்ஜியச் சுரங்கங்களில் மூச்சைத் தொலைத்துவிட்டு இத்தாலிக்குத் திரும்பியவர்கள் எந்தக் கணக்கிலும் சேராமல் தங்கள் ஊர்களிலேயே இருமிக்கொண்டிருந்தார்கள்.

மார்சினெல்லுக்குப் பிறகு இத்தாலி தன் ஆட்களை பெல்ஜியச் சுரங்கங்களுக்கு அனுப்புவதை நிறுத்தியது. இம்முறை ஒரு நாடே மறுத்தது. பெல்ஜியம் அதே ஆண்டு ஸ்பெயினோடு ஒப்பந்தம் போட்டது, மறு ஆண்டு கிரீஸோடு, 1964-ல் மொராக்கோவோடும் துருக்கியோடும். ஆள் வரும் நாடு மாறிக்கொண்டே போனது. இதில் நல்லதும் நடக்காமல் இல்லை. ஐரோப்பிய நாடுகள் சில சேர்ந்து அமைத்திருந்த ‘ஐரோப்பிய நிலக்கரி, எஃகுச் சமூகம்’ உடனடியாகச் சுரங்கப் பாதுகாப்பு மாநாடு ஒன்றைக் கூட்டி, 1957-ல் நிரந்தரமான சுரங்கப் பாதுகாப்பு ஆணையத்தை அமைத்தது. ஒரு நாட்டுச் சுரங்கத்தின் பாதுகாப்பு மற்ற நாடுகளின் அக்கறையும்கூட என்று ஏற்றுக்கொண்டது பெரிய நகர்வுதான்.

உலக அளவில் இன்று இதற்கான அடிப்படை ஆவணம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1995-ல் நிறைவேற்றிய 176-வது உடன்படிக்கை. அதன் பிரிவுகளை மார்சினெல், மொனொங்கா கதைகளோடு சேர்த்துப் படித்தால் ஒவ்வொன்றின் பின்னாலும் பிணங்கள் இருப்பது தெரியும். நிலத்தடியில் வேலை நடக்கும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் இயன்றவரை இரண்டு வெளியேறும் வழிகள், அவை தனித்தனியாக மேலே சேர வேண்டும் என்கிறது ஒரு பிரிவு. கீழே இருக்கும் ஒவ்வொருவரின் பெயரும், அவர் இருக்கக்கூடிய இடமும் எந்த நேரத்திலும் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்கிறது இன்னொன்று. பயிற்சி தொழிலாளியின் செலவில் இருக்கக் கூடாது. அறிவுறுத்தல்கள் அவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும். ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

12-வது பிரிவு அதிகம் பேசப்படாதது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ஒரே சுரங்கத்தில் இரண்டு மூன்று முதலாளிகள் ஆள் வைத்து வேலை வாங்கினால், சுரங்கத்தை நடத்துபவர்தான் பாதுகாப்புக்கு முதன்மைப் பொறுப்பு. அதைச் சொல்லி மற்ற முதலாளிகளும் கைகழுவ முடியாது. ஏஜென்ட் கொண்டுவந்த ஆள், காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கும் ஆள், சுரங்கம் இன்னொருவருடையது என்ற ஏற்பாட்டில் விபத்து நடந்ததும் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். இந்தப் பிரிவு அந்த வழியை அடைக்கிறது. குறைந்தபட்சம், உடன்படிக்கையை ஏற்ற நாடுகளிலாவது.

‘புரியும்படி’ என்ற அந்த நிபந்தனை நடைமுறையில் என்ன ஆகிறது என்பதற்குக் கனடாவில் ஒரு வழக்கு உண்டு. 2012-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் டம்ப்ளர் ரிட்ஜ் அருகே ‘எச்டி மைனிங்’ என்ற நிறுவனம், முர்ரே ரிவர் நிலக்கரித் திட்டத்துக்கு 201 சீனத் தொழிலாளர்களைத் தற்காலிக அனுமதியில் கொண்டுவர ஒப்புதல் பெற்றது. தேவையான திறமை உள்ளூரில் கிடைக்கவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். சில வேலை விளம்பரங்களில் மாண்டரின் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்தது பெரிய சர்ச்சையானது. இரண்டு தொழிற்சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2013-ல் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. விவாதம் பெரும்பாலும் கனடியர்களின் வேலை பறிபோகிறதா என்பதையே சுற்றியது. எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு. ஆங்கிலம் தெரியாத 201 பேர் கீழே இருந்தால், மாகாணச் சுரங்க ஆய்வாளர் வரும்போது அவரிடம் யார், எந்த மொழியில், முதலாளி தரப்பு ஆள் கேட்டுக்கொண்டிருக்காமல் பேசுவார்கள்? சக தொழிலாளர்கள் எல்லோரும் ஒரே மொழி பேசினால் வெட்டுமுகத்தில் குழப்பம் குறையும், அது பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் சட்டம் பேசும் மொழியிலிருந்து மொத்தமாக விலகி நிற்பது ஆபத்து. இரண்டையும் சரிசெய்யும் செலவு ஆள் கொண்டுவந்தவருடையது. மொழிபெயர்ப்பாளர், தொழிலாளியின் மொழியில் பயிற்சி, அவருக்கு இருக்கும் உரிமைகளையும் சேர்த்துச் சொல்லும் பயிற்சி. அமெரிக்காவின் 1977 சுரங்கச் சட்டம் புதிதாக நிலத்தடிக்கு வருபவருக்குக் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சியைக் கட்டாயமாக்கி, அதில் தொழிலாளியின் சட்ட உரிமைகளையும் கற்பிக்கச் சொல்கிறது. அது சரியான திசை.

வெளிநாட்டவரைச் சுரங்கத்தில் சேர்க்கவே கூடாது என்று இதை வைத்து வாதிடுபவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிழைப்புத் தேடி வரும் மனிதரை வாசலிலேயே திருப்பி அனுப்புவதால் ஒரு மரக்கதவும் இரும்புக் கதவாக மாறாது. மாற்ற வேண்டியது அவரை ஒரே முதலாளியோடு பிணைத்திருக்கும் முடிச்சை. பொதுவாக, வாயு அளவைச் சோதிக்கச் சுரங்கத் துறை, அனுமதி கொடுக்கக் குடியேற்றத் துறை என்று இரண்டும் தனித்தனி அலுவலகங்கள். வாயுமானியைப் பார்க்கும் ஆய்வாளர் தொழிலாளியின் கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும். தொழிலாளியால் முதலாளியை விட்டு விலக முடியுமா என்பதும் சுரங்கப் பாதுகாப்புச் சோதனையில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

கனடா 2019-ல் இதில் ஒரு படி எடுத்தது. ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்ட அனுமதியில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி, வேலையிடத்தில் கொடுமைக்கு ஆளானால், வேறு எங்கும் வேலை செய்யக்கூடிய தற்காலிகத் திறந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். சுரங்கத்துக்கு மட்டுமில்லை, எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் ஏற்பாடு இது. குறை என்னவென்றால், கொடுமை நடந்ததையோ நடக்கும் அபாயம் இருப்பதையோ தொழிலாளிதான் ஆதாரத்தோடு காட்ட வேண்டும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கூரை முனகியதற்கு அவர் எந்தக் காகிதத்தைக் கொண்டுவருவார்? அனுமதியைத் தொடக்கத்திலேயே முதலாளியோடு பிணைக்காமல், தொழிலோடோ மாகாணத்தோடோ மட்டும் பிணைத்துக் கொடுத்தால் இந்த ஆதாரமே தேவைப்படாது. பிடிக்காத சுரங்கத்தை விட்டு அடுத்த சுரங்கத்துக்கு அவர் போய்விடுவார். ஆள் நிற்காத சுரங்கத்தின் முதலாளி, காரணத்தைத் தானே தேட வேண்டியிருக்கும்.